அந்தப் பெட்டியைச் சுமந்தது யார்?

சங்ககிரி மலைக்கோட்டையைப் பற்றிப் போன இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அந்தக் காலத்தில் மலையேறிப் படமெடுத்தவர்களைப் பற்றியவை. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் அவற்றுக்கே.

கே: நம்ம சேலம் ஜில்லா மலையில ஏறி அந்தக் காலத்துல கேமராவை நட்டு வெச்சது யாருங்க?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், ராசிபுரம்)

ப: லின்னேயஸ் ட்ரைப் என்ற படையதிகாரி. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் இருந்தவர். 1856-ல் சென்னை மாகாண அரசு இவரைத் தன் புகைப்படக்காரராக வைத்துக்கொண்டது. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஓசூர், ராயக்கோட்டை என்று இறங்கி, திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எல்லாம் சுற்றி முடிப்பதற்குள் 1858-ன் வெயில் காலம் வந்துவிட்டது. அந்தப் பயணத்தில் உருவான தொகுப்புகளில் ஒன்று, ராயக்கோட்டைக்கும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களுக்கும் உரியது.

ராயக்கோட்டை இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். ஆனால் 1965-ல் தருமபுரி பிரியும்வரை அது சேலம் ஜில்லாதான். உங்கள் ராசிபுரமும் 1997 வரை சேலம் ஜில்லாதானே? எனவே அந்தப் படங்களில் உங்களுக்கும் பங்கு உண்டு.

ராயக்கோட்டை மலை உச்சியில் நின்று வடமேற்குப் பக்கம் பார்த்து எடுத்த படம் ஒன்று அந்தத் தொகுப்பில் இருக்கிறது. கோபுரம் இல்லை, தேர் இல்லை. பாறையும், கீழே விரிந்து கிடக்கும் சமவெளியும், தூரத்துக் குன்றுகளும்தான். நம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அது பார்த்தவுடன் பிடிபடும். உழுத காட்டுக்கு நடுவே தனித்தனியாக எழுந்து நிற்கும் கரடுகள்! பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து நாம் தினமும் பார்க்கிற அதே நிலம், 1858 வாக்கில்.

கோட்டை மலைக்கு அவர் போனதில் வியப்பில்லை. 1791-ல் திப்புவின் கையிலிருந்து கம்பெனிப் படை பிடித்த கோட்டை அது. படைக்காரர் கண் முதலில் கோட்டையைத்தான் தேடும்.

கே: மலையேற்றம் என்பதே வெள்ளைக்காரர்கள் நமக்குக் கற்றுக்கொடுத்ததுதானே?
(கல்லூரி மாணவர், சேந்தமங்கலம்)

ப: சேந்தமங்கலத்தில் இருந்துகொண்டா தம்பி இதைக் கேட்கிறீர்கள்? புரட்டாசி சனிக்கிழமை விடியற்காலையில் நைனாமலை அடிவாரத்தில் போய் நின்று பாருங்கள். இடுப்பில் பிள்ளையும் கையில் தேங்காய்ப் பையுமாக ஆயிரக்கணக்கான படி ஏறும் பெண்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

மலையுச்சியை அடைவதையே குறிக்கோளாக வைத்துச் சங்கம் அமைத்து, வழியையும் உயரத்தையும் எழுதி வைத்து, படமெடுத்துக் காட்டும் பழக்கம் மட்டும்தான் ஐரோப்பாவிலிருந்து வந்தது. லண்டனில் ஆல்பைன் கிளப் தொடங்கியது 1857 டிசம்பரில். ட்ரைப்பின் வண்டிகள் பெங்களூரை விட்டுக் கிளம்பிய அதே மாதம்.

கே: பழைய போட்டோவெல்லாம் முட்டையில் செய்தது என்று பேரன் சொல்கிறான். முப்பது வருஷமாகக் கோழி வளர்க்கிறேன், இதைக் கேள்விப்பட்டதே இல்லையே?
(பண்ணைக்காரர், நாமக்கல்)

ப: பேரன் சொல்வது உண்மை. வெள்ளைக்கருவைத் தனியே எடுத்து, உப்புச் சேர்த்து நுரை வரும்வரை அடித்து, தெளிய விட்டு வடிகட்டுவார்கள். தாளை அதன்மேல் மிதக்க விட்டு, ஒரு பக்கம் மட்டும் நனையும்படி எடுத்து, கொடியில் துணி காயப்போடுவது போலக் காயப்போடுவார்கள். பிறகு அதே பக்கத்தை வெள்ளி நைட்ரேட் கரைசலில் மிதக்க விட வேண்டும். காய்ந்ததும் நெகட்டிவை அதன்மேல் அழுத்தி வெயிலில் வைத்தால் படம் தானாக எழும்பும். பிரான்சில் பிளாங்கார்ட் எவ்ரார் 1850-ல் இந்த வழியை வெளியிட்டார். அதன்பின் 40 ஆண்டுக்குக் குறையாமல் உலகத்தின் படங்களில் பெரும்பாலானவை முட்டையில்தான் பதிந்தன. மலைப் படங்களும் அப்படியே.

ஒரு கணக்குச் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துத் தொழிற்சாலை ஒன்று 1888-ல் இந்தத் தாளை 18,674 கட்டு தயாரித்தது. ஒரு கட்டு 480 தாள். ஒரு கட்டுக்கு 27 டஜன் முட்டை. பெருக்கிப் பாருங்கள், ஒரே ஆண்டில் 60 லட்சம் முட்டைக்கு மேல் வரும். பழைய இமயமலைப் படங்கள் பலவற்றில் பனி வெள்ளையாக இல்லாமல் இளமஞ்சளாக இருக்குமே, அந்த மஞ்சள் பெரும்பாலும் வெள்ளைக்கரு நாளாக நாளாக மங்கியதால் வந்தது.

கே: ட்ரைப் எடுத்த சில படங்களில் மேகம் கையால் வரைந்தது போல இருக்கிறதே?
(ஓவிய ஆசிரியை, ஆத்தூர்)

ப: வரைந்ததுதான். உங்கள் கண் தவறவில்லை. அக்கால நெகட்டிவுக்கு நீல நிறம் அதிகம் உறைக்கும். தரை பதிய வேண்டிய நேரம் காட்டினால் வானம் வெளிறி வெறும் வெள்ளையாகிவிடும். ஆகவே நெகட்டிவின்மேலேயே தூரிகை பிடித்து மேகம் தீட்டினார். சில படங்களில் இலைகளையும் தொட்டுச் சரிசெய்திருக்கிறார்.

கே: எங்கள் தாத்தா கொல்லிமலையிலிருந்து மிளகு மூட்டை தலைச்சுமையாக இறக்கியவர். மலைப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் கேமராவை யார் தூக்கியிருப்பார்கள் என்றே தோன்றும். உங்களுக்குத் தோன்றுமா?
(வாசகி, செம்மேடு)

ப: தோன்றும் அம்மா. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

1861 ஜூலையில் பிரெஞ்சுக்காரர் ஒகுஸ்த் பிஸ்ஸோன் ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளான் சிகரத்தில் ஏறி மூன்று படம் எடுத்தார். மூன்றே மூன்று. அதற்குச் சுமைகாரர்கள் 25 பேர். கண்ணாடித் தகடு, மருந்துப் புட்டிகள், இருட்டுக் கூடாரம், தகட்டைக் கழுவ உச்சியில் பனியை உருக்கும் விளக்கு, எல்லாம் முதுகில். அன்றைய முறையில் தகட்டுக்கு மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கழுவியாக வேண்டும். ஸ்டுடியோவையே மலைமேல் கொண்டுபோவதற்குச் சமம்.

நம் நாட்டில் சாமுவேல் பேர்ன். கல்கத்தாவில் பேர்ன் அண்டு ஷெப்பர்ட் என்று 2016 வரை இருந்ததே, அந்த ஸ்டுடியோவின் பேர்ன். 1863-ல் சிம்லாவிலிருந்து கிளம்பி 147 நெகட்டிவோடு திரும்பினார். 1866-ல் இமயமலையின் மணிராங் கணவாயில் 18,600 அடி உயரத்தில் கேமராவை நிறுத்தினார். நம் சேர்வராயன் மலை உச்சியைப்போல மூன்றரை மடங்கு உயரம். அவ்வளவு உயரத்தில் எடுத்த படம் அதன்பின் 20 ஆண்டுக்கு வேறு இல்லை. வழியில் சுமைகாரர்கள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஓடிப்போனதையும், தான் தடியை எடுத்ததையும் அவரே லண்டன் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். படத்தை ரசிக்கும்போது அந்தத் தடியும் என் கண்முன் வருகிறது. வெறுங்காலோடும் கம்பளியில்லாத உடம்போடும் பனியில் நின்றவன் ஓடாமல் என்ன செய்வான்?

ட்ரைப்பின் பக்கத்தில் மட்டும் நல்லவேளையாக ஒரு பெயர் நிற்கிறது. சி. அய்யாசாமி. ட்ரைப்பிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர். பின்னாளில் சென்னைத் தொழிற்கலைப் பள்ளியிலும் அவர் பெயர் வருகிறது. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரிதான் அந்தப் பள்ளி. வண்டி ஓட்டியவர், தண்ணீர் சுமந்தவர், சும்மாடு கட்டிப் பெட்டியைத் தலையில் ஏற்றியவர், இவர்களில் ஒருவர் பெயரும் படத்தின் கீழ் இல்லை. உங்கள் தாத்தாவின் பெயரையாவது ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்தப் பாதை, ஒரு நடைக்கு எத்தனை படி மிளகு என்பதோடு சேர்த்து.

கே: ஸ்டுடியோ வைத்த புதிதில் ஃபிலிம் சரியாக மாட்டாமல் ஒரு கல்யாணமே போய்விட்டது. நாற்பது வருஷமாகியும் மறக்கவில்லை.
(ஸ்டுடியோக்காரர், திருச்செங்கோடு)

ப: இனி மறந்துவிடலாம் ஐயா. 1921-ல் எவரெஸ்டுக்கு வழி தேடிப் போன முதல் குழுவில் ஜார்ஜ் மல்லோரி இருந்தார். நாள்கணக்கில் மலைச்சரிவில் அலைந்து எடுத்த படங்களில் ஒன்றுகூட விழவில்லை. கண்ணாடித் தகடுகளை முன்பின் மாற்றி மாட்டியிருந்தார். மறுபடி ஏறி, அதே இடங்களில் நின்று, முடிந்தவற்றைத் திரும்ப எடுத்தார்.

என் மாமாவின் ஸ்டுடியோ சேலத்தில் இருந்தது. டார்க் ரூமில் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில், தட்டிலுள்ள மருந்துத் தண்ணீரில் வெள்ளைத் தாளை மெல்ல ஆட்டிக்கொண்டே இருப்பார். முதலில் கண் வரும், பிறகு மீசை, கடைசியில் சட்டைப் பித்தான். ஹைப்போ வாசனை அவர் கைவிரல்களைவிட்டு ஞாயிற்றுக்கிழமைகூடப் போனதில்லை. அந்தத் தட்டில் ஒன்றும் எழும்பாமல் தாள் வெறுமையாகவே கிடக்கும்போது ஒரு மனிதனின் முகம் எப்படி ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். மல்லோரியின் கூடாரத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கே: எவரெஸ்ட் படங்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?
(செவிலியர், சேலம்)

ப: உண்டு. அதுவும் உங்கள் தொழிலின் வழியாகவே வருகிறது.

ஹோவர்ட் சாமர்வெல் ஒரு அறுவை மருத்துவர். முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களுக்குக் கத்தி பிடித்தவர். 1922-ல் எவரெஸ்ட் குழுவோடு வந்தார். அந்த ஜூன் 7 அன்று பனிச்சரிவில் சுமைகாரர்கள் ஏழு பேர் இறந்தார்கள். அப்போது அவரும் அந்தச் சரிவில்தான் இருந்தார். மலையிலிருந்து இறங்கியவர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தார். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில், வரிசையில் காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்தார். லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு அங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். பிறகு பல ஆண்டு நெய்யூர், அதன்பின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. மலைகளை நீர்வண்ணத்தில் தீட்டவும் செய்வார்.

நடுவில் 1924-ல் மறுபடி எவரெஸ்ட். ஜூன் 4. ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் சாமர்வெல்லும் அதே குழுவின் நார்ட்டனும் ஏறுகிறார்கள். ஏறக்குறைய 28,000 அடியில் சாமர்வெல்லுக்கு மூச்சு முட்டிவிட்டது. நீ போ என்று நார்ட்டனை அனுப்பிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. கேமராவை எடுத்து, சாய்ந்த பாறைமேல் நடந்துபோகும் நார்ட்டனைப் படம் பிடித்தார். அதுவரை உலகத்தில் அவ்வளவு உயரத்தில் எவரும் படமெடுத்ததில்லை. நார்ட்டன் 28,126 அடிவரை போய்த் திரும்பினார்.

இறங்கும்போது சாமர்வெல்லின் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. சாகத்தான் போகிறோம் என்று பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசி முயற்சியாக இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தி இருமினார். குளிரில் வெந்துபோன தொண்டையின் உள்தோல் கழன்று வெளியே வந்து விழுந்தது. அதன் பிறகுதான் மூச்சு வந்தது. பின்னால் நெய்யூரில் எத்தனையோ பேருக்கு அறுவை செய்த கை அது.

மேலே ஏறக் கிளம்பிய மல்லோரி தன் கேமராவை எடுத்துவர மறந்திருந்தார். சாமர்வெல் தன்னுடைய சட்டைப்பை அளவு கோடாக் கேமராவைக் கொடுத்தனுப்பினார். ஜூன் 8 அன்று மல்லோரியும் அவரோடு ஏறிய இர்வினும் மேகத்துக்குள் மறைந்தார்கள். 1999-ல் மல்லோரியின் உடல் கிடைத்தது, கேமரா கிடைக்கவில்லை. 2024-ல் பனியாற்றில் இர்வினின் பூட்ஸும் பாதமும் கிடைத்தன. அப்போதும் கேமரா வரவில்லை. உலகமே தேடுகிற அந்தப் பெட்டி, நம் நெய்யூர் டாக்டருடையது.

கே: அந்தக் கேமரா கிடைத்தால் படம் வருமா?
(பாலிடெக்னிக் மாணவி, மல்லசமுத்திரம்)

ப: வர வாய்ப்பு உண்டு. கறுப்பு வெள்ளை ஃபிலிம், நூறு வருஷமாக உறைகுளிர். வெயிலைவிடக் குளிர் ஃபிலிமுக்கு நல்லது. எடுப்பவர்கள் அவசரப்பட்டு அங்கேயே திறந்துவிடாமல், குளிர் மாறாமல் கீழே கொண்டுவர வேண்டும். எனக்கு உச்சியின் படம்கூட வேண்டாம். சாமர்வெல் கொடுத்த கேமராவில் மல்லோரி எடுத்த ஒரே ஒரு படம், பக்கத்தில் நிற்கும் இர்வினின் முகம் வந்தால் போதும்.

கே: எவரெஸ்ட் உயரத்தை அளந்த கணக்கு நம் ஊர் வழியாகத்தான் போனது என்கிறார்களே?
(லாரி டிரைவர், சங்ககிரி)

ப: சரியாகச் சொல்கிறார்கள். ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் 1802-ல் சென்னையில் தொடங்கிய முக்கோண அளவை, குமரிமுனையிலிருந்து வடக்கே 78-வது தீர்க்கரேகையை ஒட்டிப் போனது. சேலம், நாமக்கல் இரண்டும் அந்தக் கோட்டுக்குக் கைக்கெட்டும் தூரத்தில். அரை டன் எடையுள்ள கருவியைக் குன்றுகள்மீதும் கோயில் கோபுரங்கள்மீதும் ஏற்றி அளந்தார்கள். 1808-ல் தஞ்சாவூரில் கோபுரத்துக்குமேல் தூக்கும்போது கயிறு அறுந்து கருவி அடிபட்டது. அந்த வலைதான் நீண்டு இமயத்தைத் தொட்டது. கணக்கைப் போட்டு முடித்தவர் வங்காளத்தின் ராதாநாத் சிக்தார். 1856-ல் அறிவித்த உயரம் 29,002 அடி.

கே: எவரெஸ்ட் உச்சியில் டென்சிங் படம் மட்டும் இருக்கிறது, ஹில்லாரி படம் ஏன் இல்லை?
(எட்டாம் வகுப்பு மாணவன், பரமத்திவேலூர்)

ப: கேமரா ஹில்லாரி கையில் இருந்தது கண்ணு. உங்களையும் எடுக்கட்டுமா என்று தான் சைகை காட்டியதாகவும், ஹில்லாரி வேண்டாமெனத் தலையசைத்ததாகவும் டென்சிங் தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். எனக்கு இதில் ஒரு மகிழ்ச்சி. நூறு வருஷம் மலைமேல் சுமை தூக்கியவர்கள் படத்துக்கு வெளியே நின்றார்கள். சுமைகாரராகத் தொடங்கிய டென்சிங்தான் 1953 மே 29 அன்று உச்சியில் படத்துக்கு நடுவே நிற்கிறார்.

கே: பனிக்குளிரில் படமெடுப்பது கஷ்டமா, நம் வெயிலிலா?
(அனல்மின் நிலைய ஊழியர், மேட்டூர்)

ப: இரண்டும் கஷ்டம், வேறு வேறு வகையில். குளிரில் மருந்து வேலை செய்யாது, தண்ணீர் உறையும், விரல் மரத்துப்போகும். 1922-ல் எவரெஸ்ட் குழுவின் படக்காரர் ஜான் நோயல் அடிவாரக் கூடாரத்தில் ஃபிலிம் கழுவி, யாக் சாணி மூட்டிய கணப்பில் காயவைத்தார். நம் பக்கத்தில், தகட்டில் பூசிய மருந்திலுள்ள ஈதர் ஊற்றியவுடனே ஆவியாகும். ட்ரைப் அதனால்தான் பெரும்பாலும் கண்ணாடியைத் தவிர்த்து மெழுகேற்றிய காகித நெகட்டிவைத் தேர்ந்தார். முன்கூட்டியே தயார் செய்து வைக்கலாம், எடை குறைவு, உடையாது. அதிலும் வெயில் ஏறினால் மெழுகு இளகும். அவர் டிசம்பரில் கிளம்பியதன் காரணத்தை மே மாதம் மேட்டூர் அணைப் பாலத்தில் நிற்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கே: ட்ரைப் ஏன் தொடர்ந்து எடுக்கவில்லை?
(வாசகர், ஓமலூர்)

ப: 1859-ல் சென்னைக்குக் கவர்னராக வந்த டிரெவெல்யன், இது ஆடம்பரச் செலவு என்று நிறுத்திவிட்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படமாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கிக் கொடுத்த மனிதருக்கு அந்தப் பதில் வந்தது. இன்னும் ஐந்து வருஷம் விட்டிருந்தால் நம் கொல்லிமலையும் கஞ்சமலையும் அவர் கண்ணில் பட்டிருக்கும் என்று நினைக்கும்போது மனம் ஆறவில்லை.

கே: நாங்கள் நான்கு பேர் லீவில் மலைப் படம் எடுக்கப் போகிறோம். ஏற்காடு எல்லோரும் எடுத்துவிட்டார்கள். வேறு இடம் சொல்லுங்கள்.
(கல்லூரி மாணவர்கள், சேலம்)

ப: ராயக்கோட்டை. ட்ரைப் எடுத்த உச்சிப் படத்தை இணையத்திலிருந்து இறக்கி, பெரிதாக அச்சடித்துக் கையில் எடுத்துப் போங்கள். படத்தின் முன்பக்கம் இருக்கும் பாறைகளின் விளிம்பைத் தேடுங்கள்; பாறை அங்கேயேதான் இருக்கும். அதன் கோடும் அடிவானத்துக் குன்றுகளின் கோடும் படத்தோடு ஒன்றாகப் பொருந்தும்வரை முன்னும் பின்னும் நகருங்கள். பொருந்திய இடத்தில் ஸ்டாண்டை ஊன்றி எடுங்கள். ஏரி எங்கே சுருங்கியது, ரோடு எங்கே வந்தது, குவாரி எந்தக் கரட்டைத் தின்றது என்று இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

டிசம்பர் கடைசியில் போங்கள், அவர் போன அதே பருவம். விடியலில் மூடுபனி இருக்கும். அது விலகி, நிழல் இன்னும் நீளமாக இருக்கும் நேரத்தில் உச்சியில் தயாராக இருக்க வேண்டும். குடிதண்ணீர் கீழிருந்தே எடுத்துச் செல்லுங்கள். வழிகாட்ட ஊர்க்காரர் ஒருவர் கூட வந்தால், படத்தின் பின்பக்கம் பென்சிலில் தேதியோடு அவர் பெயரையும் எழுதி எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அடுத்த இதழில் ட்ரைப் படத்துக்குப் பக்கத்திலேயே போடுகிறேன்.